முப்பத்திரண்டு இடம்

ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பகலில், கிளென்ஹார்ட் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் இருந்த எல்லாருடைய போனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. "உங்கள் லயத்துக்கு மேலே மண் சரியக்கூடும். உடனே பாடசாலைக்குப் போங்கள்" என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் மலையை விட்டு இறங்கினார்கள். பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, சேறும் தண்ணீருமாகக் கிடந்த குறுக்குப்பாதையில் பாடசாலைக்குப் போனார்கள். அந்தப் பாதையில்தான் வீரம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

கீழ்க்கணக்கில் ஒரு கைப்பிடி மண்கூடச் சரியவில்லை.

சரிந்தது மேல்கணக்கில். அங்கே யாருக்கும் செய்தி போகவில்லை. லயத்துக்குப் பின்னால் நிலம் பிளக்கிற சத்தம் கேட்டு அவர்களாகவே வெளியே ஓடியதால் உயிர் தப்பினார்கள். ஒரு மாட்டுப்பட்டியும் லயத்து வீட்டு வரிசையின் கோடிக் காம்பராவும் மண்ணுக்குள் போயின.

செய்தியை அனுப்பியது பிரேமினி வேலை பார்த்த சின்னத் தொண்டு நிறுவனம். ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவர்களுடைய அலுவலகம். தோட்டங்களில் மழை அளக்கும் கருவிகளை நட்டு, மழை அளவு மீறும்போது அந்தந்தக் கணக்கு ஆட்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அவர்களுடைய வேலை. கருவிகளைச் சுமந்துபோய் நடுவதும் பழுது பார்ப்பதும் ஜீவராஜ். கம்ப்யூட்டர் பக்கம் முழுக்கப் பிரேமினி. கிளென்ஹார்ட் கீழ்க்கணக்கில் பிறந்து, ஹட்டனில் படித்து, கொழும்பில் கொஞ்ச காலம் வேலை செய்து திரும்பி வந்தவள். வீரம்மா அவளுடைய அம்மாவின் தங்கச்சி.

"அக்கா, நான் கருவிய சரியாத்தானே வச்சேன்?" என்று ஜீவராஜ் திரும்பத் திரும்பக் கேட்டான். நனைந்த ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. மேல்கணக்கில் புதுக் கருவியை நட்டு அதிக நாள் ஆகவில்லை. அதுவரை எந்தத் தோட்டத்திலும் ஒன்றுக்கு மேல் கருவி இருந்ததில்லை.

"கருவி சரியாத்தான் சொல்லியிருக்கு ஜீவா. நடுவுல எங்கேயோ மாறியிருக்கு."

எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அன்றைய பொழுது போதுமாக இருந்தது. கண்டுபிடித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கருவிகள் அனுப்பும் அளவுகள் 'சில்ட்' என்ற வடிவத்தில் கோப்பாகச் சேமிக்கப்பட்டன. உலகம் முழுக்க மழை, ஆறு, காற்று அளப்பவர்கள் பயன்படுத்தும், யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் இலவசமான வடிவம். அதன் விதிகளைத் தன்னார்வலர்களின் குழு ஒன்று எழுதியிருந்தது. ஒரு கருவியின் பெயருக்கு முப்பத்திரண்டு இடம் என்பது விதி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓரிடம் போதும். தமிழில் ஒரு 'கி' எழுதினாலே ஆறு இடம் போய்விடும். கிளென்ஹார்ட் என்ற தோட்டப் பெயரே முழுதாக அடங்கவில்லை. மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பின்னால் வரும் சொல்லுக்கு இடம் எங்கே? கோப்புக்குள் இரண்டு கருவிக்கும் ஒரே பெயர். 'கிளென்ஹார்', அதன் வாலில் ஓர் உடைந்த எழுத்து. மழை மீறிய இடத்தைப் பார்த்துச் செய்தி அனுப்பும் வரைபட மென்பொருள், ஒரே பெயரில் இரண்டு இருந்ததால், பட்டியலில் முதலில் இருந்த கீழ்க்கணக்குக்குச் செய்தியைத் தள்ளிவிட்டது.

அன்றே அவள் பெயர்களைச் சுருக்கினாள். 'கி.மேல்', 'கி.கீழ்' என்று வைத்தாள். மறுநாளே போன் வரத் தொடங்கியது. கி என்றால் எது, கிளென்ஹார்ட்டா, கிரேக்வுட்டா என்று ஆட்கள் கேட்டார்கள். ஒட்டுப்போட்ட குடை எத்தனை மழைக்குத் தாங்கும் என்று அவளுக்கே தெரியும். இன்னும் எத்தனையோ தோட்டத்தில் கருவி நட வேண்டியிருந்தது.

ஆகவே முறைப்படி முறையிட்டாள். இப்படிப்பட்ட மென்பொருள்களில் குறை கண்டால் அவர்களுடைய இணையப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க எழுதிப் போட வேண்டும். அதற்கு இஷ்யூ என்று பெயர். வேலை முடிந்தால், அல்லது அது தங்கள் வேலை இல்லை என்று முடிவு செய்தால், அதை மூடுவார்கள்.

முதலில் அந்த வரைபட மென்பொருளைச் செய்யும் 'வார்ட்மேப்' குழுவுக்கு எழுதினாள். கோப்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் காட்டுகிறோம், கோப்பைப் படித்துத் தருவது 'சில்ட்கிட்', அங்கே போய்க் கேளுங்கள் என்று டியாகோ என்பவன் மரியாதையாகப் பதில் எழுதி மூடினான்.

சில்ட்கிட்டைக் கவனிப்பது ஒரே ஆள். பெயர் ஹென்ரிக். நோர்வேயில் ஏதோ வடகோடித் துறைமுகத்தில் இருப்பவர். விதியில் முப்பத்திரண்டு என்று இருக்கிறது, நான் முப்பத்திரண்டில் வெட்டுகிறேன், விதியை மாற்ற வேண்டுமென்றால் சில்ட் குழுவிடம் கேளுங்கள் என்று இரண்டு வரி எழுதி அவரும் மூடினார்.

சில்ட் குழுவில் மிரியம் என்ற நைரோபிக்காரி பொறுமையாக விளக்கினாள். பெயர் நீளமாக இருந்தால் வெட்டு என்று விதியில் எங்கேயும் சொல்லவில்லை. வெட்டாமல், பிழை என்று நிறுத்தியிருக்க வேண்டியது சில்ட்கிட்தான். தயவுசெய்து அங்கே இஷ்யூ போடுங்கள்.

மறுபடி ஹென்ரிக்கிடம் போனாள். பிழை என்று நிறுத்தினால் உலகத்தில் எத்தனையோ பேருடைய பழைய கோப்புகள் திறக்காமல் போகும் என்றார். அதோடு பேச்சு நின்றது. கொஞ்ச காலம் யாரும் எதுவும் எழுதாமல் இருக்கவே, தானியங்கி நிரல் ஒன்று வந்து, "செயற்பாடு இல்லாததால் மூடப்படுகிறது" என்று எழுதிப் பூட்டிவிட்டுப் போனது.

பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்துக்காக அடுத்த ஜன்னல், அதற்கடுத்த ஜன்னல் என்று அலைந்து பழகியவள் அவள். கடல் தாண்டியும் அதே ஜன்னல்கள்தான் என்று நினைத்தபோது அலுப்பாக இருந்தது. கோபம்கூட வரவில்லை.

கோபம் வந்தது கீழ்க்கணக்குக்குப் போன ஞாயிற்றுக்கிழமையில்.

வீரம்மா இஸ்தோப்புத் திண்ணையில் பலகை மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் மாக்கட்டு. தலை வாரிக்கொள்ள முடியாமல் முடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பிரேமினி வாங்கிப்போன பாண் ரொட்டியையும் பழத்தையும் பார்த்து, உள்ளே வை என்று தாடையால் காட்டினாள்.

"வலி எப்படி இருக்கு சின்னம்மா?"

"வலிக்கென்னா, அது பாட்டுக்கு இருக்கு. மலைக்குப் போவ முடியல, பேரு விழுவல, நாள் சம்பளம் இல்ல. அதான் பெரிய வலி." இடது கையால் தலைத்துணியை இழுத்துவிட்டாள். "ஒன் ஆபீஸ் மெசேஜ்தான்னு எல்லாருக்கும் தெரியும் புள்ள. நம்ம லயத்துப் புள்ள அனுப்புறான்னுதான் நம்பி எறங்குனோம். இனி வந்தா ஒருத்தரும் எறங்க மாட்டாங்க. நானும் எறங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"அது பேரு மாறிப்போச்சு சின்னம்மா. சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"யாரு மாத்துனா?"

வார்ட்மேப், சில்ட்கிட், சில்ட் என்று மூன்று பெயரும் பிரேமினியின் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவள் எழுந்து போய்ச் சீப்பை எடுத்து வந்து சின்னம்மாவின் தலையைப் பிரித்து வாரிவிட்டாள்.

ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் போனை எடுத்து, சில்ட்கிட்டில் பூட்டிக் கிடந்த இஷ்யூவைத் தவிர்த்துப் புதிதாக ஒன்று எழுதினாள். "நீங்கள் வெட்டிய எழுத்தால் என் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் கை உடைந்தது. இன்னொரு லயத்து ஆட்கள் மண்ணுக்குள் போயிருப்பார்கள். உங்களுக்கு அது பழைய கோப்பு. எங்களுக்கு அது ஊரின் பெயர். உங்கள் முப்பத்திரண்டு இடத்துக்குள் எங்கள் ஊர் அடங்காது." ஹென்ரிக்கின் பெயரைக் குறிப்பிட்டே அனுப்பினாள். கினிகத்தேனைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் அனுப்பும் முன் யோசிக்க நேரம் இருந்தது. யோசிக்கவில்லை.

பதில் மறுநாள் வந்தது. "உங்கள் உறவினருக்காக வருந்துகிறேன். நான் படகு இயந்திரத் தொழிலாளி. இதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. மகளுடன் இருக்க வேண்டிய நேரத்தில் இதைச் செய்கிறேன். இந்த வாரம் என்னைத் திட்டியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை." அதற்குப் பிறகு யாருடைய இஷ்யூவுக்கும் ஹென்ரிக் பதில் எழுதவில்லை.

பிரேமினி அந்தப் பதிலைப் பலமுறை படித்தாள். தான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். அவர் எழுதியதிலும் இல்லை என்று தெரிந்தது. சில்ட்கிட்டின் பழைய இஷ்யூக்களைத் திறந்து பார்த்தபோது, வருடக்கணக்கில் அந்த ஒரே மனிதர் எங்கெங்கோ இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது தெரிந்தது. ஆரம்பத்தில் பத்தி பத்தியாக, நகைச்சுவையோடு. பிறகு நான்கு வரி. பிறகு இரண்டு.

யார் மீது பிழை என்று கேட்பதை அவள் அதோடு விட்டாள். இரண்டே கருவி, இரண்டு நீளமான தமிழ்ப் பெயர் மட்டும் இருக்கிற சின்னஞ்சிறு கோப்பு ஒன்றைச் செய்தாள். அதை யார் திறந்தாலும், தங்கள் இடத்தில் என்ன கெட்டுப்போகிறது என்று அவரவர் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்று இடத்துக்கும் வேண்டிய மாற்றங்களைத் தானே எழுதினாள். வரைபடம் கருவியைப் பெயரால் அடையாளம் காணாமல் எண்ணால் காண வேண்டும். சில்ட்கிட் வெட்டுவதாக இருந்தால் எழுத்தின் நடுவில் வெட்டக்கூடாது, வெட்டினால் எச்சரிக்க வேண்டும். விதியில் பெயரின் இடம் கூட வேண்டும். மூன்றையும் ஒன்றோடொன்று கோர்த்துப் போட்டு, எல்லாரும் ஒருமுறை சேர்ந்து பேசலாமா என்று கேட்டாள். அலுவலக வேலைக்கு நடுவே இதை எழுதி முடிக்க மார்கழி வந்துவிட்டது. தைப்பொங்கலுக்குப் பிறகு மிரியம் ஒரு நாள் குறித்துக் கொடுத்தாள். டியாகோ வருவதாகச் சொன்னான். ஹென்ரிக்கிடமிருந்து சத்தமே இல்லை.

காணொளிப் பேச்சு வைத்த மத்தியானத்தில் ஹட்டனில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது நஸார் நானாவின் போன் கடையில்தான்.

"உள்ளுக்கு வந்து இருங்க தங்கச்சி" என்று நஸார் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார். "மெதுவா மட்டும் பேசுங்க. கஸ்டமர் வாராங்க."

ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே, போன் கவர்கள் தொங்கும் சுவரைப் பார்த்தபடி பிரேமினி விளக்கினாள். தன் ஆங்கிலம் நடுவில் தடுக்குவதை அவளே கேட்டாள். டியாகோ கோப்பைத் திறந்து பார்த்தான். பிறகு, "எண்ணால் பார்ப்பதை நாங்கள் செய்துவிடலாம். இதை நான் முதல் தடவையே திறந்து பார்த்திருக்க வேண்டும்" என்றான். விதியை உடனே மாற்ற முடியாது, அடுத்த பதிப்புக்குத்தான் எடுக்கலாம், அது எப்போது என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள் மிரியம். "பொய் சொல்ல விருப்பமில்லை" என்றும் சொன்னாள்.

பாதியில் ஒரு கறுப்புக் கட்டம் திரையில் வந்து சேர்ந்தது. ஹென்ரிக். முகத்தைக் காட்டவில்லை.

"நீங்கள் எழுதிய மாற்றத்தைப் பார்த்தேன்" என்றார். நல்ல கனத்த குரல், தூக்கம் போதாத குரல். "சரியாக இருக்கிறது. சேர்த்துவிட்டேன்."

"நன்றி" என்றாள் பிரேமினி. "அன்றைக்கு நான் எழுதியது..."

"எழுதியது சரிதான். என்னிடம் எழுதியதுதான் தப்பு. ஆனால் வேறு யாரிடம் எழுதுவீர்கள், நான் மட்டும்தானே இருந்தேன்." கொஞ்சம் இருமினார். "நான் விலகப் போகிறேன். சில்ட்கிட்டை மூடிவிட்டுப் போனால் உங்களைப் போன்றவர்கள் நடுத்தெருவில் நிற்பீர்கள். எடுத்துக்கொள்கிறீர்களா?"

நஸார் வாடிக்கையாளர் ஒருவரோடு சிங்களத்தில் பேசியபடி அவர் போனுக்குப் பணம் ரீலோட் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஹார்ன் அடித்தது. வேண்டாம் என்று சொல்ல அவளிடம் எல்லாக் காரணமும் இருந்தது. சம்பளம் இல்லை, நேரம் இல்லை, கரண்ட்கூட இல்லை.

"தனியாக என்றால் முடியாது" என்றாள். "தனியாக இருந்ததால்தான் உங்களுக்கு இப்படி ஆனது. டியாகோவும் ஒரு பாதி எடுத்தால் சரி."

"மனைவியிடம் கேட்க வேண்டும்" என்றான் டியாகோ. எல்லாரும் சிரித்தார்கள். கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடுத்த வாரமே இருவர் பெயருக்கும் சில்ட்கிட் மாறியது. ஹென்ரிக்கிடமிருந்து பிறகு ஒரே ஒரு மடல் வந்தது. எந்தக் கோப்பை ஒருபோதும் தொடக்கூடாது என்று அதில் எழுதியிருந்தார்.

வார்ட்மேப்பின் புதிய பதிப்பு வந்தவுடன் பிரேமினி ஊர்களின் பெயர்களைத் திரும்ப முழுதாக எழுதினாள். வரைபடம் இனி தன் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துக்கொள்ளும். கோப்புக்குள் மட்டும் பெயர் இன்னும் வெட்டுப்பட்டேதான் இருந்தது. ஆனால் எழுத்து உடையவில்லை, செய்தி மாறவில்லை. சில்ட் விதியைப் பற்றிய இஷ்யூ திறந்தே கிடந்தது. அதோடு, தினமும் காலையில் முகம் தெரியாதவர்களின் முறைப்பாடுகள் அவள் பெயருக்கு வரத் தொடங்கின.

வைகாசியில் தென்மேற்கு மழை பிடித்தது. ஒரு நாள் காலை பெரட்டில் வேலை பிரித்து முடிந்து ஆட்கள் மலைக்குப் போன கையோடு, கீழ்க்கணக்குக் கருவி அளவு மீறியதாகத் திரையில் சிவப்பாகக் காட்டியது. செய்தி கீழ்க்கணக்குக்கே போனது. பிரேமினி ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தாள். சரியாகத்தான் போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜீவராஜ் கீழ்க்கணக்குத் தலைவர் சோலைமலையிடம் பேசிவிட்டு வந்தான். "மலையில இருந்து எறங்குனவங்கள்ல பாதிப் பேரு லயத்தவிட்டு அசையலையாம் அக்கா. போன தடவ மாதிரி சும்மாதான் இருக்கும்னு சொல்றாங்களாம்."

"வண்டிய எடு" என்றாள்.

மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. தோட்டத்துப் பாதையில் இரண்டு இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. கீழ்க்கணக்கு லயத்துக்குப் பின்னால் மேட்டிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வீரம்மா இஸ்தோப்பில் நின்றாள். கட்டு அவிழ்த்து நாளாகியும் வலது கையை வயிற்றோடு அணைத்தே வைத்திருந்தாள்.

"நீ எதுக்கு இந்த மழையில வந்த?"

"வாங்க சின்னம்மா, போவலாம்."

"சொன்னேன்ல, எறங்க மாட்டேன்னு. மறுபடி விழுந்தா அடுத்த கையும் போச்சு. அப்பறம் என்னய யாரு பார்ப்பா, நீயா?"

"நான்தான் பார்ப்பேன்."

"பார்த்த!" என்றாள் வீரம்மா. ஆனால் குரலில் முன்பிருந்த காரம் இல்லை. "இந்தத் தடவ சரிதானா? பேரு மாறலையே?"

பிரேமினி நனைந்த முகத்தைத் துடைத்தாள். "பேரு மாறல. மண்ணு சரியுமா சரியாதான்னு எனக்குத் தெரியாது சின்னம்மா. அது கருவிக்கும் தெரியாது. மழை கூடிப்போச்சின்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். சும்மா நடந்த மாதிரியும் ஆகலாம்."

வீரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, தலையில் மழைக்கு ஒரு படங்குத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். வீரம்மா இறங்குவதைப் பார்த்து அடுத்த காம்பராவில் காளியாயியும் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். இரண்டு வீடுகள் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. ஜீவராஜ் அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருந்தான். பிரேமினி சின்னம்மாவின் நல்ல கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்குப்பாதையை விட்டு வண்டிப் பாதையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்தாள்.

அன்றைக்கும் மண் சரியவில்லை. பின்னேரம் மழை வெறித்தது. பாடசாலை வாங்குப் பலகைகளில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், அரை நாள் பேரு போச்சு என்று உரக்கவே சொன்னார். பிரேமினி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

போன் அதிர்ந்தது. சில்ட்கிட்டுக்குப் புது இஷ்யூ. லாவோஸிலிருந்து யாரோ ஆற்று மட்டம் அளப்பவர், தங்கள் ஊர்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவதாக, மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதியிருந்தார். எங்கே முறையிடுவது என்று தெரியவில்லை, இது தப்பான இடமாக இருந்தால் மன்னிக்கவும் என்றிருந்தது.

குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். "சரியான இடம்தான். உங்கள் கோப்பை அனுப்புங்கள். இன்றைக்கு முடியாது, நாளைக்குப் பார்க்கிறேன்."

"யாரு போன்ல?" என்றாள் வீரம்மா.

"யாரோ தெரியல சின்னம்மா. அங்கயும் மழையாம்."

வீரம்மா தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் அவள் பக்கம் தள்ளிவைத்தாள். ஜீவராஜ் லயத்தடியில் விட்ட வண்டியை எடுத்துவரப் போயிருந்தான். பிரேமினி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தாள்.